நாட்களுக்கும் ஒரு பேரேடு வேண்டும்

யாழ்ப்பாணத்தில் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் அண்மையில் என்னைத் தேடி வந்தார். முகம் வாடியிருந்தது. அவருடைய மகன் கனடாவில் நிரந்தர வதிவிட உரிமை பெற்று ஆறு வருடம் கடந்து விட்டது. பிரஜாவுரிமைக்கு விண்ணப்பித்திருக்கிறார். நாட்கள் போதாது என்று மறுத்து விட்டார்கள்.

"ஐந்து வருசத்தில மூன்று வருசம் இருந்தாப் போதும் என்றுதானே சொன்னாங்க நானா? இவன் போய் ஆறு வருசமாச்சே" என்றார்.

மகனின் கடவுச்சீட்டுப் பிரதியைப் பார்த்து ஒரு தாளில் எழுதிக் கூட்டினோம். விண்ணப்பித்த நாளுக்கு முந்திய ஐந்து வருடத்தில் உள்ள நாட்கள் 1,826. வருடத்துக்கு 90 நாள் என்று ஊர் வந்து போனதில் 450 நாள் கழிந்தது. வாப்பாவுக்கு இருதய சத்திரசிகிச்சை நடந்த வருடம் கூடுதலாக 210 நாள் இங்கே தங்கியிருந்தார். சரக்கு எடுக்க டுபாய் போன பயணங்கள் 90 நாள். ஆக 750 நாள் கனடாவுக்கு வெளியே. மிச்சம் 1,076. தேவையோ 1,095. குறைந்தது 19 நாள்.

கடையில் 19 ரூபாய் குறைந்தாலும் அன்றிரவே கண்டுபிடித்து விடுகிற குடும்பம் அது. நாட்களை மட்டும் யாரும் எழுதி வைக்கவில்லை. நம்மவர்களின் பிள்ளைகள் பலர் இன்று கனடாவிலும் பிரித்தானியாவிலும் இருப்பதால் இந்த விடயத்தைச் சற்று விளக்கமாகப் பார்ப்போம்.

கனடாவின் கணக்கு

விண்ணப்பிக்கும் நாளுக்கு உடனடியாக முந்திய ஐந்து வருடத்தில் 1,095 நாட்கள் உடலால் அந்த நாட்டில் இருந்திருக்க வேண்டும். வீடு அங்கே இருக்கிறது, மனைவி மக்கள் அங்கே இருக்கிறார்கள், வியாபாரம் அங்கே நடக்கிறது என்பதெல்லாம் இந்தக் கணக்கில் சேராது. புறப்பட்ட நாளும் திரும்பி வந்த நாளும் இருந்த நாட்களாகவே எண்ணப்படும். நிரந்தர வதிவிடம் கிடைக்குமுன் மாணவராகவோ வேலை அனுமதியிலோ சட்டப்படி இருந்திருந்தால் அந்த நாட்கள் அரை நாள் வீதம் சேரும். அப்படிச் சேர்வதும் 365 நாளுக்கு மேற்படாது. இவற்றோடு, வருமான வரி அறிக்கை கொடுக்கக் கடமைப்பட்டவர் அந்த ஐந்து வருடத்தில் மூன்று வருடத்துக்காவது அதைக் கொடுத்திருக்க வேண்டும்.

இங்கே பலர் தவறுகிற ஓர் இடம் உண்டு. "19 நாள்தானே குறைவு, 19 நாள் பொறுத்து மறுபடி போடட்டும்" என்றார் நண்பர். அப்படி அல்ல. ஐந்து வருடம் என்பது நாளோடு நாளாக நகர்கிற கணக்கு. இன்று ஒரு நாள் முன்னால் சேரும்போது ஐந்து வருடத்துக்கு முந்திய ஒரு நாள் பின்னால் கழன்று விடும். கழன்று போவது அவர் கனடாவில் இருந்த நாள் என்றால் கூடுவதும் குறைவதும் சமன். அவர் வெளியே இருந்த நாள் கழன்றால்தான் இலாபம். ஆகவே எந்தத் திகதியில் 1,095 நிரம்புகிறது என்பதைத் திகதி திகதியாக எழுதித்தான் அறிய முடியும். நிரம்பிய அன்றே ஓடிப்போய்க் கொடுக்காமல் சில வாரங்கள் கூடுதலாகச் சேர்த்துக் கொடுப்பது புத்தி. எண்ணியதில் இரண்டு நாள் பிழைத்தாலும் அது காப்பாற்றும்.

பிரித்தானியாவின் கணக்கு

அங்கே இருந்த நாளை எண்ணுவதில்லை, இல்லாத நாளை எண்ணுகிறார்கள். பொதுவாக ஐந்து வருடத்தில் 450 நாளுக்கு மேல் வெளியே போயிருக்கக் கூடாது. கடைசி ஒரு வருடத்தில் 90 நாளுக்கு மேல் கூடாது. நிரந்தரமாகத் தங்கும் அனுமதி கிடைத்துப் பன்னிரண்டு மாதமும் ஆகியிருக்க வேண்டும். பிரித்தானியப் பிரஜையை மணந்தவருக்கு மூன்று வருடமும் 270 நாளும். அவருக்கும் கடைசி வருடத்தில் அதே 90 நாள்தான். ஆனால் தங்கும் அனுமதிக்குப் பிந்திய பன்னிரண்டு மாதக் காத்திருப்பு அவருக்கு இல்லை.

இன்னொரு நிபந்தனையைப் பலர் கவனிப்பதில்லை. விண்ணப்பம் போய்ச் சேரும் நாளிலிருந்து சரியாக ஐந்து வருடத்துக்கு முந்திய அந்த நாளில் அவர் அந்நாட்டு மண்ணில் இருந்திருக்க வேண்டும். அன்று ஊரில் ஒரு கலியாண வீட்டில் இருந்திருந்தால் விண்ணப்பத் திகதியைத் தள்ளிப் போடுவதே வழி. நிரந்தரமாகத் தங்கும் அனுமதியின் விதிகள் அங்கே அடிக்கடி மாறுகின்றன. அண்ணனுக்கு நடந்ததை வைத்துத் தம்பிக்குக் கணக்குப் போடாதீர்கள்.

வளைகுடா நாடுகளில் இருபது முப்பது வருடம் கடை நடத்துகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே இருந்த வருடங்கள் வழக்கமாகப் பிரஜாவுரிமையாகப் பழுப்பதில்லை. விசா முடியும் நாள்தான் அங்கே கணக்கு.

நம் நாட்டிலேயே நடந்தது

இது வெளிநாட்டுக்காரன் கண்டுபிடித்த புது வழக்கம் என்று எண்ண வேண்டாம். 1949 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்க இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் பிரஜாவுரிமைச் சட்டம் இதே கணக்கைத்தான் கேட்டது. 1946 ஜனவரி 1 க்கு முன் மணமானவர் ஏழு வருடமும், மணமாகாதவர் பத்து வருடமும் தொடர்ச்சியாக இலங்கையில் வசித்திருக்க வேண்டும். ஒரே தடவையில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் தொடர்ச்சி அறுந்தது. மணமானவரின் மனைவியும் வயது வராத பிள்ளைகளும் இங்கேயே வசித்திருக்க வேண்டும்.

காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களிலிருந்து வந்து இலங்கையில் கடை வைத்திருந்த முஸ்லிம்களின் வழக்கம் உங்களுக்குத் தெரியும். கடை இங்கே, குடும்பம் அங்கே. அந்த வழக்கத்தோடு இந்தச் சட்டத்துக்குள் நுழைவது எப்படி? எல்லோரையும் விடப் பெரிய அடி மலையகத் தோட்டத் தொழிலாளருக்கு விழுந்தது. தலைமுறையாக இங்கே உழைத்தவர்களிடம் வருடத்துக்கு வருடம் இருந்ததற்கான தாள் கேட்கப்பட்டது. எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பம் போடப்பட்டு, கிடைத்ததோ சுமார் 134,000 பேருக்கு.

2003 இல் வந்த சட்டமும் 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வசித்தவர்களுக்கும் அவர்களின் வழித்தோன்றல்களுக்கும் என்றே எழுதப்பட்டது. யுத்தத்தால் இந்தியாவுக்கு ஓடியவர்கள் அதற்குள் அடங்கவில்லை. அவர்களுக்காக 2009 இல் திருத்தம் கொண்டுவர வேண்டியிருந்தது. விரும்பிப் போனாயா, விரட்டப்பட்டுப் போனாயா என்று சட்டம் முதலில் கேட்பதில்லை. கேட்கும்போது காலம் கடந்திருக்கும்.

1990 ஒக்டோபர் 30 ஆம் திகதி யாழ்ப்பாணத்திலிருந்து இரண்டு மணி நேரத்தில் வெளியேற்றப்பட்ட நமக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. புத்தளத்து முகாமில் ஒரு பிறப்புச் சான்றிதழ், ஒரு காணி உறுதி, ஒரு குடும்ப அட்டை இல்லாமல் எத்தனை வாசல் ஏறி இறங்கினோம்!

இங்கே இழப்பது எது?

அங்கே பிரஜாவுரிமை கிடைத்த மகிழ்ச்சியில் பலர் இதை மறந்து விடுகிறார்கள். இலங்கையர் ஒருவர் தாமாக விரும்பி வேறு நாட்டின் பிரஜையானால் நமது சட்டப்படி இலங்கைப் பிரஜாவுரிமை போய்விடும். 1987 ஆம் ஆண்டின் திருத்தம் இரண்டு வழி வைத்திருக்கிறது. வெளிநாட்டுப் பிரஜாவுரிமை பெறுமுன்பே இலங்கைப் பிரஜாவுரிமையை வைத்துக்கொள்ள விண்ணப்பிக்கலாம். இழந்த பிறகு மீளப் பெறவும் விண்ணப்பிக்கலாம். இரண்டும் கேட்டால் கிடைக்கக் கூடியவை, தானாக வருபவை அல்ல. 2011 இலிருந்து சில வருடம் இதை வழங்குவதையே நிறுத்தி வைத்து 2015 இல்தான் மறுபடி தொடங்கினார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

வியாபாரிக்கு இதில் உள்ள விடயம் காணி. 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டவருக்குக் காணி உரிமை மாற்றுவதைத் தடுக்கிறது. மரபுரிமையாக வருவதற்கும் இரட்டைப் பிரஜாவுரிமை உள்ளவருக்கும் விலக்கு உண்டு. சோனகத் தெருவில் உள்ள வளவை மகன் பெயருக்கு உறுதி முடிக்க நினைக்கும் தகப்பனார், மகன் அன்றைக்கு எந்த நாட்டுப் பிரஜை என்பதை முதலில் கேட்டறிய வேண்டும். நொத்தாரிசிடம் போன பிறகு கேட்டால் அலைச்சல்தான் மிஞ்சும்.

செய்ய வேண்டியது

ஒரு கொப்பி வாங்குங்கள். புறப்பட்ட திகதி, திரும்பிய திகதி, போன நாடு, காரணம் என்று நான்கு நிரல் போடுங்கள். ஒவ்வொரு பயணமும் முடிந்த அன்றே எழுதுங்கள். இப்போது பல விமான நிலையங்களில் முத்திரையே குத்துவதில்லை, ஆகவே கடவுச்சீட்டை மட்டும் நம்ப முடியாது. காலாவதியான கடவுச்சீட்டுகளை எறிய வேண்டாம். பயணச் சீட்டு, வாடகை ஒப்பந்தம், வரிப் பத்திரம், சம்பளச் சீட்டு எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போடுங்கள். பிரதி ஒன்று இன்னொரு வீட்டிலும் இருக்கட்டும். நீண்ட பயணம் போகுமுன் கொப்பியைப் பார்த்து எத்தனை நாள் கையில் இருக்கிறது என்று கூட்டுங்கள். சந்தேகம் இருந்தால் அந்த நாட்டின் அனுமதி பெற்ற சட்டத்தரணியிடம் கேளுங்கள், சாப்பாட்டுக் கடையில் கேட்காதீர்கள்.

நண்பரின் மகனுக்கு மறுபடி கூட்டிப் பார்த்தோம். அவர் வாப்பாவோடு இருந்த அந்த நீண்ட நாட்கள் ஐந்து வருடக் கணக்கிலிருந்து கழன்று போகத் தொடங்க இன்னும் எட்டு மாதம் இருக்கிறது. அதுவரை அவர் அசையாமல் அங்கே இருக்க வேண்டும். வாப்பாவுக்காக நின்ற நாட்களை மகன் நட்டமாக எண்ணவில்லை என்றார் நண்பர். சரிதான். அந்த நாட்களைச் செலவழிக்கத்தான் வேண்டும். எவ்வளவு செலவழிக்கிறோம் என்று தெரிந்து செலவழித்திருக்கலாம், அவ்வளவுதான்.