சருகு மீனாகும் விதம்

தருமபுரி மாவட்டத்துச் சின்னாறு ஒகேனக்கல்லருகே காவிரியோடு கலக்கின்றது. இத்தகைய ஆற்றோரங்களில் நீர்மருதும் புங்கனும் உதிர்க்கும் சருகுகள் எங்கே மறைகின்றன?

நீரில் விழுந்த இலையை முதலில் பூசணங்கள் பற்றி மென்மையாக்குகின்றன. பின்னர் நண்டும் நத்தையும், இலைத்துணுக்குகளால் கூடு கட்டி வாழும் பூச்சிப் புழுக்களும் அதைக் கடித்துத் துகளாக்குகின்றன. வெப்ப நாடுகளில் நண்டின் பங்கு பெரிது. அத்துகள்களை வேறு புழுக்கள் நீரிலிருந்து வடித்து உண்ணும். அப்புழுக்களை மீன்கள் உண்ணும். இவ்வாறே மரத்தின் சத்து நம் குழம்புச் சட்டிக்கும் வந்து சேர்கின்றது!

வயலில் தெளித்த பூச்சிமருந்து மழைநீரோடு ஓடையிற் சேர்ந்தால், மீனுக்கு முன்னே மடிவன பெரும்பாலும் இச்சிற்றுயிர்களே. அவை மடிந்தால் சருகு மட்குவது தாமதமாகும். மீனும் இரையின்றி மெலியும். ஆதலின் அன்பர்களே, மருந்துக் குப்பிகளை ஓடையிற் கழுவாதீர்கள், கரைமரங்களை வெட்டாதீர்கள்.