கதவைச் சுரண்டும் முன்

தாமிரபரணி கடலில் சேருகிற புன்னைக்காயலில் வாசக்கதவின் பெயின்ட் நெடுநாள் நிற்பதில்லை. உப்புக்காற்றிலும் வெயிலிலும் செதில் செதிலாக உரியும். வீட்டில் கல்யாணம், கிறிஸ்துமஸ் என்றால் முதல் வேலை அதைச் சுரண்டுவதுதான். என்ன நிறம் அடிக்கலாம் என்று ஆளாளுக்குப் பேசுகிறோம். சுரண்டி விழுகிற தூளை யாரும் பேசுவதில்லை. ஆபத்து அதில்தான் இருக்கிறது.

சீக்கிரம் காயவும் நிறம் தூக்கலாக நிற்கவும் எனாமலில் ஈயம் சேர்ப்பது வழக்கமாக இருந்தது. பளிச்சென்ற மஞ்சளிலும் சிவப்பிலும் கூடுதலாகவே. வீட்டுப் பெயின்ட்டில் பத்து லட்சத்துக்கு 90 பங்குக்கு (90 பிபிஎம்) மேல் ஈயம் கூடாது என்ற மத்திய அரசு விதி 2017 நவம்பர் 1 முதல்தான் நடப்புக்கு வந்தது. அதற்கு முந்திய பூச்சு உள்ள கதவில் ஈயம் இருக்கிறது என்றே எண்ணி வேலை பாருங்கள். காய்ந்த உப்புத்தாளால் தேய்த்தால் தூள் மூச்சில் ஏறும். திண்ணையில் படிந்து, தவழும் பிள்ளையின் கைவழியாக வாய்க்குப் போகும். உள்ளே போன ஈயத்தைப் பெரியவர்களைவிட நாலைந்து மடங்கு அதிகமாகக் குழந்தையின் உடல் ஏற்கும். அது மூளைக்குச் செய்யும் சேதத்தைப் பிறகு சரிசெய்ய முடியாது. இவ்வளவு வரை பரவாயில்லை என்று எந்த அளவையும் உலக சுகாதார நிறுவனம் சொல்லவில்லை.

பிள்ளைகளையும் கர்ப்பிணிகளையும் வேறு வீட்டுக்கு அனுப்பிவிட்டு, கீழே பாலித்தீன் விரியுங்கள். தண்ணீர் தெளித்து, ஈரத்தோடு வாட்டர் பேப்பரால் தேய்க்கச் சொல்லுங்கள். தீயால் வாட்டி உரிப்பது கூடவே கூடாது. தூளைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்து, பாலித்தீனோடு சுருட்டிக் கட்டுங்கள். பிறகு நல்ல தண்ணீரால் கதவைக் கழுவ வேண்டும். உப்பு தங்கிய மரத்தில் எந்தப் பெயின்ட்டும் பிடிக்காது. 2023 டிசம்பரில் பக்கத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியதே, அப்படி வெள்ளத்தில் ஊறிய மரம் உள்ளே காய நாளாகும். அவசரப்பட்டு அடித்தால் கொப்புளிக்கும். மறுபடி சுரண்டல், மறுபடி தூள். நன்றாகக் காய்ந்த பிறகே பிரைமர், பட்டி, எனாமல்.

பெயின்டர் அண்ணன் மூக்கில் துண்டைக் கட்டினால் போதாது. என்-95 முகக்கவசம் வாங்கித் தருவது வீட்டுக்காரர் பொறுப்பு. தூள் படிந்த சட்டையை அவர் தம் வீட்டுப் பிள்ளைகளிடம் கொண்டுபோகாதபடி, குளித்து மாற்றிச் செல்ல இடம் கொடுங்கள். கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பெயின்டர்களும் பதிவு செய்யலாம். குழந்தை தூளில் விளையாடியிருந்தால், இரத்தத்தில் ஈய அளவு பார்க்க வேண்டும் என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

புது டின்னில் ஈயம் 90 பிபிஎம் அளவைத் தாண்டவில்லை என்ற வாசகம் இருக்க வேண்டும். இல்லையென்றால் வாங்காதீர்கள். பில் கேட்டு வாங்குங்கள். ஏமாற்றப்பட்டால் நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்கறிஞர் இல்லாமலே புகார் கொடுக்கலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. பெயின்ட்டை ஆய்வகத்துக்கு அனுப்ப ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. ஆகவே சந்தேகம் வந்த டின்னில் மிச்சம் இருந்தால் கொட்டிவிடாமல், இறுக மூடிப் பில்லோடு எடுத்து வையுங்கள்.