நினைவகத்துக்கும் வேகக் கட்டுப்பாடு உண்டு

உதிரிப் பாகங்களை வாங்கி வீட்டிலேயே கணினி பூட்டும் பிள்ளைகளைப் பாலக்காட்டிலும் மூணாற்றிலும் இப்போது பார்க்கிறோம். பணம் மிச்சம்தான், ஆனால் ராம் என்னும் நினைவக அட்டையில் கவனம் வேண்டும்.

மூணாறு தோட்டத் தொழிலாளி ஒருவரின் மகள் கல்லூரி ஆய்வேடு தட்டச்சு செய்யும் கணினி அடிக்கடி நீலத்திரை காட்டி நின்றது. ஓர் அத்தியாயம் திறக்கவே இல்லை. மலைப் பக்கத்து மின்சாரத்தின் மேல் பழி போட்டார்கள். (அதற்கென்ன, வாயில்லாப் பூச்சி!) திறந்து பார்த்தேன். இரண்டு டி.டி.ஆர்.4 அட்டைகள்: ஒன்று 3200, மற்றது 2666. பயாசில் எக்ஸ்.எம்.பி. மூலம் இரண்டையும் 3200-இல் ஓட்டியிருந்தார்கள்.

எஞ்சின் 110 கிலோமீட்டர் ஓடும் என்றாலும், பலவீனமான பாலத்தில் பாலம் சொல்லும் வேகம்தான். இரு அட்டைகளையும் 2666-க்கு இறக்கினேன். பென்டிரைவில் மெம்டெஸ்ட்86 போட்டு இரவு முழுதும் ஓடவிட்டோம். முதலில் பத்தே நிமிடத்தில் பிழை காட்டிய சோதனை, இம்முறை சுத்தமாக முடிந்தது.

ஒரே ஒரு பிழை வந்தாலும் விட்டுவிடாதீர்கள். கோப்பைச் சத்தமின்றிக் கெடுப்பது அதுதான். வேகத்தைக் குறைத்தும் பிழை வந்தால் ஒவ்வோர் அட்டையாகத் தனியே சோதியுங்கள். கெட்ட அத்தியாயத்தை அந்தப் பெண் மறுபடி அடித்துக்கொண்டிருக்கிறாள்.