தடாச் சாவடி சொல்லும் பாடம்

சென்னையிலிருந்து நெல்லூர் செல்லும் சாலையில், கும்மிடிப்பூண்டியைக் கடந்து ஆந்திர எல்லையைத் தொட்டவுடன் வருவது தடா. விடுமுறையில் ஊருக்குச் சென்று அவ்வழியே பயணம் செய்த நம்மில் பலருக்கு, அங்கே நீண்டு நின்ற லாரி வரிசை நினைவிருக்கும். இப்பக்கம் எளாவூரில் தமிழ்நாட்டுச் சாவடி. அப்பக்கம் தடா அருகே ஆந்திரச் சாவடி. ஒரே நாடு, ஒரே நாணயம். ஆனால் மாநிலத்துக்கு ஒரு விற்பனை வரி, ஒரு படிவம்!

1-7-2017 அன்று ஜி.எஸ்.டி. நடைமுறைக்கு வந்ததும் வணிகவரிச் சாவடிகள் மூடப்பட்டன. எல்லை கடந்து தொழில் நடத்துவதன் பயனைத் தடா வட்டாரம் முன்பே அறிந்திருந்தது. 2008-இல் அருகே தொடங்கிய ஸ்ரீசிட்டி ஆந்திர மண்ணில் இருந்தாலும், அதற்குச் சென்னைத் துறைமுகம் பக்கம். சென்னை மெட்ரோவின் முதற்கட்ட ரயில் பெட்டிகளில் பெரும்பகுதி அங்கே செய்யப்பட்டவையே.

இதே கனவைத்தான் ஆப்பிரிக்காவும் காண்கிறது. 2018 மார்ச்சில் கிகாலியில் கையெழுத்தான கண்டத் தடையில்லா வணிக ஒப்பந்தத்தில் பின்னர் 54 நாடுகள் சேர்ந்தன. 2021 ஜனவரி முதல் தேதி வணிகம் முறைப்படி தொடங்கியது. ஸாம்பியாவும் ஸிம்பாப்வேயும் 2009-லேயே சிருண்டு எல்லையில் இரண்டு சோதனைகளை ஒன்றாக்கி, லாரிகள் நாட்கணக்கில் காத்திருந்ததைக் குறைத்துக் காட்டின.

ஆயினும் ஒரு வேறுபாட்டை நாம் மறக்கலாகாது. வரி வருவாய் குறையும் என்று நம் மாநிலங்கள் அஞ்சியபோது, ஆண்டுக்கு 14 விழுக்காடு வளர்ச்சி எனக் கணக்கிட்டு, ஐந்தாண்டுகளுக்கு இழப்பீடு தருவதாக மத்திய அரசு சட்டமே இயற்றியது. அதன் பிறகே அவை இசைந்தன. ஆப்பிரிக்காவிலோ அத்தகைய மத்திய அரசு இல்லை. நாற்பதுக்கும் மேற்பட்ட நாணயங்கள் வேறு. சுங்க வரியை நம்பிப் பள்ளியும் மருத்துவமனையும் நடத்தும் சிறு நாடு என்ன செய்யும்?

இது வெறும் அச்சமன்று. கென்யா, உகாண்டா, தான்சானியா சேர்ந்து நடத்திய கிழக்கு ஆப்பிரிக்கக் கூட்டமைப்பு 1977-இல் உடைந்தது. பலன் கென்யாவுக்கே அதிகம் சென்றது என்ற மனக்குறை அதற்கு ஒரு முக்கியக் காரணம். மீண்டும் அது உயிர்பெற 2000 வரை காத்திருக்க நேர்ந்தது.

அங்கே கடையும் தொழிலும் நடத்தும் நம்மவர்க்கு, எல்லை திறந்தால் சந்தை விரியும் என்பது உண்மையே. ஆனால் சாவடியை மூடுவது ஒரு நாள் வேலை. இழப்பவனுக்கு ஈடு செய்வதுதான் நெடுநாள் வேலை. அதைச் செய்தால்தான் திறந்த கதவு திறந்தே இருக்கும்.