வீரப்பட்டச் சின்னங்களும் நம் வீட்டுப் பெட்டியும்

பழைய ஐரோப்பிய வீரப்பட்டச் சின்னங்களைத் தேடிச் சேர்ப்பது செல்வர்க்கே உரிய பொழுதுபோக்கு என்று நம்மவர் எண்ணுவதுண்டு. ஆயினும், கன்னட நாட்டில் குடியேறி வாழும் நமக்கு அவை முற்றிலும் அந்நியமானவை அல்ல. மேல்கோட்டையிலிருந்து நாம் ரயிலேறச் செல்லும் பாண்டவபுரம் ஒரு காலத்தில் ‘பிரெஞ்சு ராக்ஸ்’ என்று வழங்கிற்று. ஹைதர் அலிக்கும் திப்பு சுல்தானுக்கும் துணைநின்ற பிரெஞ்சுப் படையினர் அங்கே பாளையம் இறங்கியிருந்தமையால் வந்த பெயர் அது.

அக்காலப் பிரெஞ்சுப் படைத்தலைவர்கள் பெரிதும் விரும்பிய கௌரவம், பதினான்காம் லூயி மன்னர் 1693-இல் நிறுவிய புனித லூயி வீரப்பட்டமாகும். வெள்ளை எனாமல் இட்ட எண்முனைச் சிலுவையும் செந்நிற நாடாவும் அதன் அடையாளங்கள். அதனைப் பெற்றவர் ‘செவாலியே’ எனப்பட்டார். நடிகர் சிவாஜி கணேசன் 1995-இல் பெற்ற பிரெஞ்சு விருதினால் அச்சொல் தமிழர் அனைவர்க்கும் பழக்கமாயிற்று.

ஆங்கிலேயரும் இவ்வழக்கத்தை இந்நாட்டிற்குக் கொணர்ந்தனர். விக்டோரியா அரசி 1861-இல் ‘இந்திய நட்சத்திரம்’ என்னும் பட்டத்தையும், 1878-இல் ‘இந்தியப் பேரரசு’ என்னும் பட்டத்தையும் நிறுவினார். 1883 முதல் 1901 வரை மைசூர் திவானாக விளங்கிய சர் கே. சேஷாத்திரி ஐயர் முன்னதைப் பெற்றவர். கோலார் தங்கவயலுக்குச் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் கொணரும் பணியைத் தொடங்கிவைத்தவர் அவரே. அவ்வயலில் உழைத்த நம் தமிழ்க் குடும்பங்கள் அவர் பெயரை எளிதில் மறவா.

மற்றொரு தமிழர் மதுரையில் பிறந்த சர் எஸ். சுப்பிரமணிய ஐயர். சுயராஜ்யம் வேண்டி அமெரிக்க அதிபர் வில்சனுக்கு 1917-இல் அவர் கடிதம் எழுதினார். அதற்காக ஆட்சியாளர் கண்டித்தபோது, தாம் பெற்ற பட்டத்தையே துறந்தார். சின்னத்தை அணிந்தவர்க்கு ஒரு பெருமை உண்டெனில், அதனைத் துறந்தவர்க்கு அதனினும் பெரிய பெருமை உண்டு. ஆதலின், இச்சின்னங்களைச் சேர்ப்பதை அந்நிய ஆட்சியைப் போற்றுவதாகக் கொள்ள வேண்டா. அவை வரலாற்றின் சாட்சிகள். சாட்சியை வணங்கவும் வேண்டா, உருக்கவும் வேண்டா.

இனி, சின்னங்களை இனங்காணும் வகையைச் சிறிது கூறுவோம். நட்சத்திரப் பட்டத்தின் நாடா வெளிர்நீலம், ஓரங்கள் வெண்மை. நடுவே அரசியின் உருவம் கல்லிற் செதுக்கப்பட்டிருக்கும். பேரரசுப் பட்டத்தின் சின்னம் ஐந்து இதழ்ச் செந்நிற ரோஜா. தொடக்ககாலச் சின்னங்களில் ‘இந்தியா’ என்னும் பெயரின் ஐந்து ஆங்கில எழுத்துகள் இதழுக்கு ஒன்றாகப் பொறிக்கப்பட்டிருந்தன. பிற்காலத்தவற்றில் அவை இல்லை. பட்டம் பெற்றவர் மறைந்தபின் நட்சத்திரச் சின்னத்தைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்பது விதி. வீடுகளில் அது அரிதாகவே காணப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

எனாமல் எளிதில் பெயரும் இயல்புடையது. ஆகவே புளியும் சாம்பலும் இட்டு இவற்றைத் துலக்கலாகாது. மெல்லிய பருத்தித் துணியில் தனித்தனியே சுற்றி வைத்தலே நன்று. நாடா நைந்திருப்பினும் எறியற்க.

எல்லாவற்றினும் முக்கியமானது கடிதம். இத்தகைய சின்னங்களிற் பெரும்பாலானவற்றில் பெற்றவர் பெயர் இராது. முத்திரையிட்ட பட்டயமோ, பழைய புகைப்படமோ உடனிருந்தால்தான் இன்னாருடையது என்று நிறுவ இயலும். அடையாளச் சீட்டு உதிர்ந்த பார்சலுக்கு உரியவரைத் தேடுவது எத்துணைக் கடினம் என்பதை ரயில்வே எழுத்தராகிய எம்மைப் போன்றோர் நன்கறிவோம். நம் ஊர் வைரமுடியைக் காண்க. அது மண்டியா அரசாங்கக் கருவூலத்தில் இருக்கிறது. பங்குனி விழாவுக்குக் காவலுடன் வந்து, செல்வப்பிள்ளையின் திருமுடியை அலங்கரித்து, மீண்டும் கருவூலம் சேர்கிறது. கணக்கும் காவலும் பொருளின் மதிப்பில் ஒரு பாதி அல்லவா?

சட்டத்தையும் அறிந்துகொள்ளல் வேண்டும். நூறாண்டு கடந்த கலைப்பொருள்களைத் தனியார் வெளிநாட்டுக்குக் கொண்டு செல்வதை 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் தடுக்கிறது. கடல் கடந்து வாழும் மக்களுக்குப் பாட்டனார் பதக்கத்தை அனுப்ப விரும்புவோர், முதலில் இந்தியத் தொல்லியல் துறையினரைக் கலந்துகொள்க.

இந்திய நட்சத்திரப் பட்டம் 1948-க்குப் பின் எவருக்கும் வழங்கப்படவில்லை. அதனைப் பெற்றோருள் இறுதியாக வாழ்ந்த அல்வார் மகாராஜா 2009-இல் காலமானார். இனிப் பேச எஞ்சியிருப்பவை சின்னங்களும் அவற்றோடு சேர்ந்த கடிதங்களுமே.

சங்கத்துக் குடும்பங்கள் வீடு மாறும்போது பழைய டிரங்குப் பெட்டிகளைத் துழாவுவது வழக்கம். வீரப்பட்டச் சின்னமாயினும், பாட்டனார் போரில் பெற்ற எளிய வெள்ளிப் பதக்கமாயினும், பத்தரிடம் எடைக்குப் போடுமுன் வீட்டு முதியோரை அழைத்துக் கேளுங்கள். அவர்கள் சொல்வதை ஒரு தாளில் எழுதி, நாளிட்டு, அதனுடனேயே வையுங்கள். வெள்ளியின் விலை நாளைக்கும் கிடைக்கும். முதியோரின் நினைவு அங்ஙனம் கிடைப்பதன்று.