அடியிலை நமக்கு, குருத்து செடிக்கு

தில்லியின் பெரிய கடைகளில் ‘கேல்’ என்று ஒரு கீரையைக் கட்டுக் கட்டாகக் குளிர்ப்பெட்டியில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். விலையைக் கேட்டால் பூச்செண்டோ என்று சந்தேகம் வரும். காஷ்மீரில் ஏழை, பணக்காரர் என்ற பேதமில்லாமல் எல்லார் வீட்டுக் கொல்லையிலும் இதன் உடன்பிறப்பு ‘ஹாக்’ என்ற பெயரில் வளர்கிறது. முட்டைகோஸ், காலிபிளவர், நூல்கோல், கேல், ஹாக் எல்லாமே தாவர சாஸ்திரப்படி ஒரே இனம்தான். கோஸ் உருண்டையாகத் தலை கட்டும். ஹாக்குக்குத் தலை கிடையாது, இலைதான் எல்லாம்.

காஷ்மீர் பள்ளத்தாக்கில் முதல் ரயில் 2008 அக்டோபரில் ஓடியது. மறு ஆண்டே தண்டவாளப் பராமரிப்புக்காக என்னைப் பட்காமுக்கு மாற்றினார்கள். குடும்பம் தில்லியில் இருந்தது. நான் அங்கே ஒரு வீட்டு மாடியில் குடியிருந்தேன். சோறு உண்ணும் ஊர் என்பதே எனக்கு முதல் ஆறுதல். அங்கே எளிய சாப்பாட்டுக்குப் பெயரே ‘ஹாக்-பத்தா’, அதாவது கீரையும் சோறும். நாம் ரசம் சாதம் என்கிறோமே, அதுபோல.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கொல்லையில் கீரை பறித்துக்கொள்ளச் சொன்னார் வீட்டுக்கார அம்மாள். நான் கத்தியை எடுத்துப்போய், தளதளவென்றிருந்த குருத்தைப் பார்த்துக் கை வைத்தேன். அந்த அம்மாள் பதறி ஓடிவந்தார். “இஞ்சினியர் சாகிப், மேலே இருப்பது செடிக்கு. கீழே இருப்பதுதான் நமக்கு” என்றார். டிப்ளமா படிப்பில் கிடைக்காத பாடம் அது.

ஓய்வு பெற்று மயூர் விஹார் வீட்டுக்கு வந்தபின், அந்த வீட்டார் அனுப்பிய விதையைத் தரைத்தளத்து மண்ணில் போட்டேன். தில்லிக்கு ஏற்ற கணக்கு இதுதான். செப்டம்பர் கடைசியில் நாற்றுவிட வேண்டும். ஒரு மாதம் கழித்து ஒன்றரை அடி இடைவெளியில் நட வேண்டும். மக்கிய சாண எருவும், காயாத ஈரமும் போதும். இரண்டு மாதத்தில் பத்துப் பன்னிரண்டு இலை வந்துவிடும்.

அப்போது பறிக்கத் தொடங்கலாம். காலை வேளையில், அடியிலிருந்து மூன்று நான்கு இலை மட்டும். காம்பைத் தண்டோடு ஒட்டிப் பிடித்துக் கீழ்நோக்கி அழுத்தினால் ‘பட்’டென்று வந்துவிடும். பாதிக் காம்பைச் செடியில் விட்டால் அழுகும். செடியில் ஆறு இலைக்குக் குறையாமல் இருக்கட்டும். ஒரு வாரம் கழித்துத் திரும்பிப் போனால் மறுபடியும் தயாராக இருக்கும். இப்படியே மார்ச் வரை பறிக்கலாம். கடைசியில் குட்டித் தென்னை மாதிரி வெறுந்தண்டும் உச்சியில் கொண்டையுமாக நிற்கும். ஜனவரிக் குளிரில் இலையில் சர்க்கரை கூடுவதால் அப்போதுதான் ருசி அதிகம். வெயில் ஏறியதும் அசுவினி வரும்; இலைக்கு அடிப்புறம் பார்த்துக் கழுவ வேண்டும்.

சமையலுக்கு வருவோம். காஷ்மீர் முறையில் கீரையை நறுக்குவதில்லை. கடுகெண்ணெயைப் புகைய விட்டு, சற்று ஆறவிட்டு, பெருங்காயம் போட்டு, தண்ணீரும் உப்பும் சேர்க்க வேண்டும். கொதி வந்ததும் முழு இலைகளை அமுக்கிவிட்டு, கீறிய பச்சைமிளகாயும் காய்ந்த மிளகாயும் போட்டு, மூடாமல் வேகவைக்க வேண்டும். மூடினால் பச்சை நிறம் போய்விடும். அவசரத்துக்குக் குக்கரில் ஒரே ஒரு விசில், உடனே குழாயடியில் காட்டி ஆவியை அடக்கலாம். கீரையைவிட அந்தச் சாறுதான் விசேஷம். சூடான சோற்றில் ஊற்றிப் பிசைந்து பாருங்கள்.

என் மனைவிக்குக் கடுகெண்ணெய் வாசனை பிடிக்காது. முற்றிய காம்பைக் கழித்துப் பொடியாக நறுக்கி, ஊறவைத்த பாசிப்பருப்பும் தேங்காய்த் துருவலும் சேர்த்துப் பொரியல் செய்தாள். கோஸ் பொரியலுக்கு அண்ணன் என்று பேத்தி சர்டிபிகேட் கொடுத்தாள்.

இங்கேதான் என் தவறைச் சொல்ல வேண்டும். மனைவிக்கு 2017-ல் இதய வால்வு மாற்றினார்கள். உலோக வால்வு. இரத்தம் உறையாமலிருக்க ஆயுள் முழுக்க மாத்திரை சாப்பிட வேண்டும், ‘ஐ.என்.ஆர்.’ என்ற இரத்தப் பரிசோதனை மாதாமாதம். அவளுக்கு அது 2.5-க்கும் 3.5-க்கும் நடுவில் இருக்க வேண்டும். ஒரு ஜனவரியில் 1.6 என்று வந்தது. வால்வில் இரத்தம் கட்டிவிடக்கூடிய அளவு. மாத்திரை தவறவில்லை. “சாப்பாட்டில் என்ன மாற்றம்?” என்றார் டாக்டர். ஒன்றுமில்லை என்றேன். மனைவிதான் மெதுவாக, “என்னங்க, கீரை?” என்றாள்.

விளைச்சல் வீணாகக் கூடாதென்று மூன்று வாரமாகத் தினமும் அதையே சமைக்கச் சொன்னது நான்தான். கீரையிலுள்ள வைட்டமின் கே இரத்தம் உறைய உதவுவது. மாத்திரை செய்ய வேண்டியதோ அதற்கு நேர் எதிர் வேலை. இந்தக் கீரையில் அந்தச் சத்து மிக அதிகம். தண்டவாளத்தில் மயிரிழை விரிசலைக் கண்டுபிடித்த கண்ணுக்கு, தட்டில் இருந்தது தெரியவில்லை. மருந்தளவைச் சரிசெய்து மறுபடி எண் ஏறும்வரை எனக்குத் தூக்கமில்லை.

இனிமேல் கீரையே வேண்டாமா என்று கேட்டேன். “நிறுத்த வேண்டாம். வாராவாரம் ஒரே அளவாகச் சாப்பிடட்டும். திடீரென்று கூட்டுவதும் தப்பு, குறைப்பதும் தப்பு” என்றார் டாக்டர். அதிலிருந்து எங்கள் வீட்டில் செவ்வாயும் வெள்ளியும் அவளுக்கு ஒரு சின்னக் கிண்ணம். ரயில்வே டைரி எழுதிய பழக்கத்தில் அதையும் தேதி போட்டு எழுதி வைக்கிறேன்.

குருத்தைச் செடிக்கு விட்டுவைக்கத் தெரிந்த எனக்கு, தட்டிலும் அளவு உண்டென்பது அறுபது வயதுக்கு மேல்தான் புரிந்தது. உங்கள் வீட்டில் யாராவது இந்த மாத்திரை சாப்பிட்டால், விதை போடுமுன் டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். மற்றவர்கள் தாராளமாகப் பயிரிடலாம். எங்கள் தோட்டத்தில் மிஞ்சுவதை இந்தக் குளிர்காலத்தில் ஞாயிறுதோறும் சங்கக் கட்டிடத்துக்குக் கொண்டுவருகிறேன். பை எடுத்து வாருங்கள்.