அகதியாய் வந்து அயலவருக்கும் துணை நின்ற யூத மதகுரு

யூதர் என்றால் வசதியானவர்கள், வியாபாரத்தில் கெட்டிக்காரர்கள் என்றுதான் நம்மவர் பலர் நினைத்துக் கொண்டிருக்கிறார்கள். அவர்களும் ஒரு காலத்தில் கையில் ஒரு பையோடு, மொழி தெரியாமல் இந்த நாட்டில் வந்து இறங்கியவர்கள்தான். அப்படி வந்த ஒரு சிறுவன் பின்னாளில் லண்டனில் பெயர்பெற்ற மதகுருவானார். யூதர்கள் தங்கள் மதகுருவை ரபி என்பார்கள். அவருடைய பெயர் ரபி ஹியூகோ கிறின். புதிதாக வந்து குடியேறியிருக்கும் நம் குடும்பங்கள் அவரைப்பற்றி அறிந்திருப்பது நல்லது.

அவர் 1930 ஆம் ஆண்டு பெரகோவோ என்ற சிறு பட்டினத்தில் பிறந்தார். அப்போது அது செக்கோஸ்லோவாக்கியாவில் இருந்தது. 1938 இல் ஹங்கேரிக்குப் போனது. போர் முடிந்தபின் சோவியத் நாட்டோடு சேர்ந்தது. இன்று அது உக்ரைனில் இருக்கிறது. வீட்டை விட்டு அசையாமலே நாடு மாறிப்போன சனங்கள் அந்த ஊர்க்காரர். தகப்பனார் மரவியாபாரி.

1944 ஆம் ஆண்டு வசந்த காலத்தில் அவ்வூர் யூதர்களை ஓரிடத்தில் அடைத்து, பின் ரயிலேற்றி அவுஸ்விச் முகாமுக்கு அனுப்பினார்கள். அப்போது ஹியூகோவுக்கு வயது 13. ரயிலால் இறங்கும்போது அங்கிருந்த ஒரு கைதி, வயதைக் கூட்டிச் சொல், தொழில் தெரியும் என்று சொல் எனக் காதுக்குள் சொல்லிவிட்டுப் போனாராம். அதனால் அவர் வேலைக்கு எடுக்கப்பட்டார். அவருடைய தம்பி சிறுபிள்ளை. வந்த அன்றே அவனைக் கொன்றுவிட்டார்கள்.

தகப்பனும் மகனும் லீபரோஸ் என்ற இன்னொரு முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அந்த மாரிகாலத்தில் யூதர்கள் விளக்கேற்றும் ஹனுக்கா பண்டிகை வந்தது. தகப்பனார் தமக்குப் பங்காகக் கிடைத்த மாஜரினை எடுத்து, உடுப்பிலிருந்து உருவிய நூலைத் திரியாக்கி விளக்கேற்ற முயன்றார். பசியில் கிடந்த மகனுக்குக் கோபம் வந்துவிட்டது. சாப்பாட்டை எரிக்கலாமா என்று கேட்டான். உணவில்லாமல் சில வாரம் இருக்கலாம், தண்ணீரில்லாமல் சில நாள் இருக்கலாம், நம்பிக்கையில்லாமல் இருக்க முடியாது என்று தகப்பன் சொன்னாராம். மாஜரின் சரியாக எரியவுமில்லை. ஆனால் அந்தச் சொல் மகனுக்கு ஆயுள்வரை நின்றது.

1945 மே மாதம் அமெரிக்கப் படை வந்து அவர்களை விடுவித்தது. சில நாட்களில் தகப்பனார் நோயால் இறந்துபோனார். தனியே ஊருக்குத் திரும்பிய மகன், அங்கே தாய் உயிரோடு இருக்கக் கண்டார்.

இனி நாம் கவனிக்க வேண்டிய விஷயம் வருகிறது. பெற்றோரை இழந்து முகாம்களில் தப்பிய 1000 பிள்ளைகள்வரை வரலாம் என்று பிரித்தானிய அரசு அனுமதி கொடுத்தது. செலவை அரசு ஏற்கவில்லை. அதற்கு முன்னரே இங்கே காலூன்றியிருந்த யூதர்கள் 1933 இல் தொடங்கிய ஒரு நிதியம் அந்தப் பொறுப்பை எடுத்தது. தேடிப் பார்த்ததில் 732 பேர்தான் வந்து சேர்ந்தார்கள். அவ்வளவு பிள்ளைகள் அழிந்துபோயிருந்தார்கள். வந்தவர்களுக்கு விடுதி, ஆங்கிலப் படிப்பு, தொழில், எல்லாவற்றுக்கும் வழி செய்தார்கள். அந்தப் பிள்ளைகள் பெரியவர்களாகி 1963 இல் தங்களுக்குள் ஒரு சங்கம் அமைத்தார்கள். நொந்தவருக்கு உதவுவதும் நடந்ததை இளையோருக்குச் சொல்வதும் அதன் வேலை.

அந்தப் பிள்ளைகளில் ஒருவராக ஹியூகோ 1946 இல் ஸ்கொட்லாந்து வந்தார். புலமைப்பரிசில் பெற்று கேம்பிறிட்ஜில் படித்தார். பின் அமெரிக்கா சென்று 1957 இல் ரபியானார். முதலில் பணிக்குப் போன இடம் எது தெரியுமா? இந்தியாவின் பம்பாய். அங்குள்ள யூதர்களிடையே சில ஆண்டுகள் பணிசெய்தார். 1964 இல் மேற்கு லண்டன் யூதக் கோயிலுக்கு வந்து 1996 இல் இறக்கும்வரை, 32 ஆண்டுகள் அங்கேயே இருந்தார். பி.பி.சி. வானொலியின் ஒழுக்க விவாத நிகழ்ச்சியொன்றில் அவர் குரலை நாடே கேட்டது. கிறிஸ்தவர், முஸ்லிம்கள், இந்துக்கள் எல்லோரும் ஒரு மேசையில் இருந்து பேச வேண்டும் என்று பாடுபட்டார். 1989 இல் மகளோடு பிறந்த ஊருக்குப் போய், அழிந்துபோன வாழ்வைப் படமாக்கினார்கள்.

1996 இல் தஞ்சம் கோருவோரில் பலருக்கு அரச உதவிப்பணத்தை நிறுத்தும் ஏற்பாடு வந்தது. இறப்பதற்குச் சற்று முன்னர் அவர் அகதிகளுக்காக வெளிப்படையாகப் பேசினார். சொந்தக்காரனையும் நண்பனையும் எல்லோரும் பார்ப்பார்கள், எந்தக் கடமையும் இல்லாத அந்நியனை எப்படி நடத்துகிறாய் என்பதில்தான் ஒருவனின் தரம் தெரியும் என்பது அவர் பேச்சின் சாரம். அப்போது அந்தச் சட்டத்தில் அகப்பட்டவர்களில் நம்மவரும் இருந்தார்கள்.

நான் அதிகம் படித்தவனல்ல, தொழிற்சாலையில் இரவு வேலை செய்பவன். தேநீர் இடைவேளையில் நம்மவர் சிலர் கதைப்பதைக் கேட்கிறேன். 'இப்ப வாறவங்கள் எல்லாம் பொய்க் கேஸ், எங்கட வேலையையும் கெடுக்கப் போறாங்கள்' என்கிறார்கள். சூடானியரையும் எரித்திரியரையும் சொல்கிறார்கள். நேற்று வந்த நம் பிள்ளைகளையும் சொல்கிறார்கள். இதே பேச்சை நம்மைப் பற்றிப் பிறர் பேசியபோது நமக்கு எப்படி வலித்தது!

நமக்குப் பெரிய நிதியம் இல்லாமலிருக்கலாம். வந்தவருக்கு வைத்தியரிடம் பதிவு செய்ய ஒரு படிவம் நிரப்பிக் கொடுக்கலாம். பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கக் கூடப் போகலாம். வழக்கறிஞரின் கடிதத்தை வாசித்து விளங்கப்படுத்தலாம். வேலை இடம் இருந்தால் சொல்லிவிடலாம். இவற்றுக்குப் பணம் வேண்டாம், ஒரு பின்னேரம் போதும். அந்தப் பின்னேரத்தை நம் தெருவில் புதிதாக வந்திருக்கும் குடும்பத்துக்குக் கொடுப்போம்.